சி டிரைவ் நிறைந்துவிட்டது, டி டிரைவ் காலி: அந்த இடம் ஏன் கைக்கு எட்டுவதில்லை?

கணினியில் சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நிற்கும், பத்து ஜிபி கூட மிச்சம் இருக்காது. பக்கத்திலேயே டி டிரைவில் 300 ஜிபி சும்மா கிடக்கும். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. அங்கே இருப்பதில் கொஞ்சம் எடுத்து இங்கே சேர்த்தால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து சி மேல் ரைட் கிளிக் செய்தால், டிரைவை நீட்டும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற வரி மங்கிப்போய் இருக்கும், அழுத்த முடியாது. பலர் இந்த இடத்தில் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடையில் மொத்தமாக ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறார்கள். சி டிரைவ் பெரிதாகிவிடும், ஆனால் டெஸ்க்டாப்பில் சேர்த்து வைத்திருந்த புகைப்படங்களும் கோப்புகளும் போயிருக்கும்.

அந்த இழப்புக்குத் தேவையே இல்லை. டிஸ்கில் காலி இடம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். அது புரிந்துவிட்டால் அந்த வரி ஏன் மங்கியது, எதை நகர்த்தினால் அது உயிர்பெறும் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

சி, டி என்று டிஸ்கைப் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் பார்ட்டிஷன் என்று பெயர். அது டிஸ்கில் போடப்பட்ட தடுப்புச் சுவர் இல்லை. டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. இந்தப் பகுதி இந்த செக்டரில் (டிஸ்கின் சிறு கட்டத்தில்) தொடங்குகிறது, இத்தனை செக்டர் நீளம் என்று அதில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்குடன் வந்தபோது, அதற்காக வந்த டாஸ் 2.0 என்ற இயங்குதளம் இந்த அட்டவணையைக் கொண்டுவந்தது. எம்பிஆர் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் கணினியைத் தொடங்கும் சிறு நிரலும் இருக்க வேண்டும், இந்த அட்டவணையும் இருக்க வேண்டும். அட்டவணைக்குக் கிடைத்தது 64 பைட், ஒவ்வொரு பதிவுக்கும் 16 பைட். அதனால்தான் எம்பிஆர் டிஸ்கில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது. அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களை அடுக்க வேண்டும்.

பெயர் எழுத்து சி-யில் தொடங்குவதும் அந்தக் காலத்து மிச்சம்தான். ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்குப் போய்விட்டன.

சரி, ஒரே டிஸ்கை ஏன் துண்டு போட வேண்டியிருந்தது? ஒரு காலத்தில் வேறு வழியே இல்லை. டாஸும் முதல் விண்டோஸ் 95-உம் பயன்படுத்திய ஃபேட்16 என்ற கோப்பு முறையால் ஒரு பார்ட்டிஷனில் 2 ஜிபிக்கு மேல் ஆள முடியாது. 1990-களின் நடுவில் அதைவிடப் பெரிய டிஸ்க்குகள் வந்துவிட்டன, எனவே சி, டி, இ என்று பிரித்தே ஆக வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது. 2 ஜிபி பார்ட்டிஷனில் ஃபேட்16 ஒவ்வொரு கோப்புக்கும் 32 கேபி கட்டிகளாகத்தான் இடம் தரும். ஒரு கேபி கடிதமும் 32 கேபியைப் பிடித்துக்கொள்ளும். பார்ட்டிஷனைச் சிறிதாக்கினால் கட்டியும் சிறிதாகும், வீணும் குறையும். 1996-இல் ஃபேட்32 வந்ததும், பிறகு என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை வீடுகளுக்கு வந்ததும் இந்த இரண்டு காரணங்களும் போய்விட்டன.

ஆனால் பழக்கம் போகவில்லை. விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் ஃபார்மேட் செய்யலாம், டி-யில் உள்ள படங்களும் பாட்டும் தப்பிக்கும் என்பது கணினி அசெம்பிள் செய்து தருபவர்கள் சொல்லிச் சொல்லி எல்லார் மனதிலும் பதிந்த விஷயம். அதில் நியாயம் உண்டு. சுழலும் ஹார்ட் டிஸ்கில் முதல் பார்ட்டிஷன் தட்டின் வெளி விளிம்பில் அமையும், அங்கே படிக்கும் வேகம் அதிகம் என்பதும் உண்மை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் இந்த இரண்டாவது காரணத்துக்கு இடமே இல்லை. அதன் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தரவை எந்தச் சிப்பில் வைப்பது என்று தானே முடிவு செய்து அடிக்கடி இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. சி, டி என்று நாம் போடும் கோடு சிப்புகளின் மேல் எங்கும் விழுவதில்லை.

முதல் காரணத்தைப் பற்றியும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டி டிரைவ் ஒரு பேக்கப் இல்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டால் சி-யும் டி-யும் சேர்ந்தே போகும். மடிக்கணினி தொலைந்தாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் அப்படித்தான். 'டி-யில் காப்பி வைத்திருக்கிறேன்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டுக்கு வருவோம். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்தால் பட்டியலில் கிடைக்கும். கீழ்ப்பாதியில் டிஸ்க் ஒரு நீண்ட பட்டையாகத் தெரியும். 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டும், 512 ஜிபி எஸ்எஸ்டி 476 ஜிபி என்று காட்டும். இதில் எதுவும் தொலையவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024 ஆகப் பெருக்குகிறது.

பட்டையில் நாம் எதிர்பார்க்காத சிறிய பெட்டிகளும் இருக்கும். புதிய கணினிகளில் எம்பிஆர் இல்லை, ஜிபிடி என்ற புதிய அட்டவணை. அதில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை போட விடும், அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். முதலில் வரும் 100 எம்பி அளவிலான பெட்டி இஎஃப்ஐ பார்ட்டிஷன், கணினி கண் விழித்ததும் தேடுவது அதைத்தான். அதையடுத்து 16 எம்பியில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய ஒன்று உண்டு, அது இந்தத் திரையில் தெரியாது. அப்புறம் சி. அதன் வலப்பக்கம் பெரும்பாலும் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன். விண்டோஸ் தொடங்க மறுக்கும்போது வரும் நீலத் திரைப் பழுதுபார்க்கும் கருவிகள் அங்கேதான் இருக்கின்றன.

திரையில் 'ஃப்ரீ' என்பதையும் 'அன்அலகேட்டட்' என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒரு பார்ட்டிஷனுக்குள் இன்னும் கோப்பு வைக்காத இடம். இரண்டாவது, எந்தப் பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்லாத, கருப்புக் கோடு போட்ட இடம். எக்ஸ்டெண்ட் கட்டளை எடுத்துக்கொள்வது இரண்டாவதை மட்டும்தான். டி-யில் 300 ஜிபி ஃப்ரீயாக இருந்தாலும் சி-யைப் பொறுத்தவரை அது இன்னொருவருடைய இடம்.

அதோடு நிபந்தனை முடியவில்லை. அந்த அன்அலகேட்டட் இடம் சி-க்கு உடனடி வலப்பக்கத்தில் ஒட்டியபடி இருக்க வேண்டும். வயலோடு வயலைச் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் அடுத்தவர் துண்டு இருக்கக் கூடாது என்பதுபோலத்தான். அட்டவணையில் ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு தொடக்கமும் ஒரு நீளமும்தான் எழுத முடியும் என்று பார்த்தோம். நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக எழுத அதில் இடமே இல்லை. இடப்பக்கம் காலி இருந்தாலும் விண்டோஸின் சொந்தக் கருவி தொடாது, ஏனென்றால் தொடக்கப் புள்ளியை மாற்றினால் உள்ளே உள்ள மொத்தக் கோப்பு அமைப்பையும் இடம் பெயர்க்க வேண்டும்.

இதனால்தான் டி-யை ஷ்ரிங்க் செய்து (அதாவது சுருக்கி) 100 ஜிபி விடுவித்த பிறகும் வரி மங்கியே இருக்கிறது. ஷ்ரிங்க் எப்போதும் ஒரு பார்ட்டிஷனின் வால்பக்கத்தில் வெட்டுகிறது. விடுபட்ட 100 ஜிபி டி-யின் வலப்பக்கம் விழுகிறது, சி-க்கும் அதற்கும் நடுவில் டி முழுதாக உட்கார்ந்திருக்கிறது. டி-யில் உள்ளதை வெளி டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டு டி-யையே நீக்கினால் அந்த இடம் முழுவதும் சி-க்கு அடுத்து வரும். எளிய வழி இதுதான். இதற்கு வேறு மென்பொருள் எதுவும் வேண்டாம். பிறகு சி-யை வேண்டிய அளவு நீட்டி, மிச்சத்தில் புதிய டி உருவாக்கிக்கொள்ளலாம்.

டி-யை நீக்கியும் எக்ஸ்டெண்ட் வரவில்லை என்றால் காரணம் அநேகமாக நடுவில் நிற்கும் ரெக்கவரி பார்ட்டிஷன். பழைய விண்டோஸ் 10 நிறுவல்களில் இது டிஸ்கின் தொடக்கத்தில் இருந்தது. 2020-இல் வந்த 2004 என்ற பதிப்பிலிருந்து விண்டோஸை நிறுவும் நிரல் அதைச் சி-க்கு அடுத்து வைக்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. ரெக்கவரி கருவி நாளுக்கு நாள் வளர்கிறது, அதற்கு இடம் போதாதபோது பக்கத்தில் உள்ள சி-யில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். முன்னால் இருந்தால் இது முடியாது. பழைய கணினிகளில் மேம்படுத்தும்போது விண்டோஸ் சி-யின் வாலில் புதிதாக ஒரு ரெக்கவரியை உருவாக்கிவிடும், முன்னால் இருந்த பழையது அநாதையாக அங்கேயே கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் இரண்டு ரெக்கவரி தெரிவது இதனால்தான்.

இந்த விஷயம் எவ்வளவு பெரிய தலைவலி ஆகலாம் என்பதை 2024 ஜனவரி காட்டியது. அந்த மாதம் வந்த பாதுகாப்பு அப்டேட் ஒன்று ரெக்கவரி கருவியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு அந்தப் பார்ட்டிஷனுக்குள் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும். பல கணினிகளில் அவ்வளவு இல்லை. அப்டேட் தோற்றது, 80070643 என்று முடியும் பிழை எண் வந்தது. இடம் இல்லை என்று அந்தச் செய்தி தெளிவாகச் சொல்லவும் இல்லை. சி டிரைவில் 200 ஜிபி காலி வைத்திருந்தவருக்கும் இதே பிழைதான். மைக்ரோசாஃப்ட் கொடுத்த தீர்வு: ரெக்கவரியை முடக்கி, சி-யில் 250 எம்பி ஷ்ரிங்க் செய்து, ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கி, பெரிதாகத் திரும்ப உருவாக்குங்கள். இதையெல்லாம் கருப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டச்சு செய்ய வேண்டும். வீட்டில் கணினி வைத்திருக்கும் சாதாரண மனிதரிடம் கேட்கக்கூடிய வேலை அது இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்தச் செய்முறையில் நமக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. ரெக்கவரியை நிரந்தரமாக இழக்காமல் வழியிலிருந்து விலக்க முடியும். முடக்கும் கட்டளையைக் கொடுத்ததும் விண்டோஸ் அந்தக் கருவிக் கோப்பைச் சி-க்குள் எடுத்து வைத்துக்கொள்கிறது. அதன்பிறகுதான் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் பார்ட்டிஷனை நீக்க வேண்டும், டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு நீக்கும் வசதியே தெரியாது. சி-யை நீட்டும்போது கடைசியில் ஒரு ஜிபி விட்டுவைத்து, அதில் ரெக்கவரியை மறுபடி அமைத்து இயக்கலாம். வரிசை தவறினால், அதாவது முடக்காமலே நீக்கினால், பழுதுபார்க்கும் கருவி கணினியில் எங்குமே இருக்காது. கணினி ஒருநாள் தொடங்க மறுக்கும்போதுதான் அது தெரியவரும்.

சிலர் இந்த இடத்தில் 'டைனமிக் டிஸ்க்' என்ற வசதியைக் கண்டு, ஒட்டாத இடத்தையும் அது சேர்க்கும் என்று மகிழ்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மைக்ரோசாஃப்டே கைவிட்டுவிட்ட ஏற்பாடு அது. திரும்பப் பழைய நிலைக்கு வர விண்டோஸ் வழியில் எல்லா வால்யூமையும் அழித்தாக வேண்டும்.

ஷ்ரிங்க் செய்யும்போது வரும் இன்னொரு குழப்பம்: சி-யில் 200 ஜிபி ஃப்ரீ இருக்கும், ஆனால் 15 ஜிபிதான் குறைக்க முடியும் என்று விண்டோஸ் சொல்லும். பார்ட்டிஷனின் வாலுக்கு அருகே நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் அதைத் தாண்டி வெட்ட முடியாது. ரேம் போதாதபோது பயன்படும் பேஜ் ஃபைல், கணினி உறங்கும்போது ரேமில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்னேட் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளிகள், என்டிஎஃப்எஸ் தன் கணக்கை எழுதி வைத்திருக்கும் எம்எஃப்டி ஆகியவை வழக்கமான தடைகள். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுக்குள் 259 என்ற எண்ணைத் தேடினால் எந்தக் கோப்பு தடுத்தது என்று பெயரோடு இருக்கும். முதல் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுதொடக்கம் செய்து, ஷ்ரிங்க் செய்துவிட்டுத் திரும்ப இயக்கலாம்.

சி-யின் இடப்பக்கத் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும், அல்லது டி-யை அழிக்காமல் வலப்பக்கம் தள்ள வேண்டும் என்றால் வெளிக் கருவிதான் துணை. 1990-களில் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன்மேஜிக் இதில் பெயர் பெற்றது. 2007-இல் விஸ்டா வரும்வரை சி-யைச் சுருக்க விண்டோஸிடம் சொந்த வழியே கிடையாது. இன்று இலவசமாகக் கிடைக்கும் ஜிபார்ட்டெட் நல்ல கருவி. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் தொடங்காமல் அதிலிருந்து கணினியை இயக்க வேண்டும். ஆனால் அங்கே நடப்பது என்ன என்று தெரிந்து செய்ய வேண்டும். ஷ்ரிங்க், எக்ஸ்டெண்ட் இரண்டிலும் அட்டவணையும் கோப்பு அமைப்பின் கணக்கும் திருத்தப்படுகின்றன, பெரும்பாலான தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்த்துவது அப்படியில்லை. 400 ஜிபி டி-யைத் தள்ளினால் அத்தனை தரவையும் படித்து வேறு இடத்தில் எழுத வேண்டும், சுழலும் டிஸ்கில் பல மணிநேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், மழைநாளில், இதைத் தொடங்கவே கூடாது.

எதைச் செய்வதாக இருந்தாலும் இரண்டு முன்னேற்பாடுகள். ஒன்று, இன்னொரு தனி டிஸ்கில் பேக்கப். இரண்டாவது, டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்ப்பது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் பல கணினிகளில் இது தானாகவே இயங்கும். பலருக்குத் தம் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் வேலை முடிந்து கணினி அந்த 48 இலக்கங்களைக் கேட்டு, அது இல்லையென்றால், தரவு கண்ணெதிரே இருந்தும் திறக்க முடியாது.

பார்ட்டிஷனைத் தவறாக நீக்கிவிட்டால் பதற வேண்டாம். நீக்கும்போது முதலில் அழிவது அட்டவணையில் உள்ள பதிவுதான். ஹார்ட் டிஸ்கில் அதன்மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி பழைய எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்து அட்டவணையைத் திருப்பி எழுதித் தரும். எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை குறைவு. ஃபார்மேட் செய்த உடனே 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் ட்ரிம் கட்டளை அனுப்பிவிடும், எஸ்எஸ்டியும் உண்மையாகவே துடைத்துவிடும்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால், சி-யை எது தின்கிறது என்று பார்த்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு பழைய விண்டோஸ் முழுவதும் தனி ஃபோல்டராக இருக்கும், பத்து நாளில் தானே நீங்கும், அவசரமென்றால் அங்கிருந்தே நீக்கலாம். ஹைபர்னேட் கோப்பு ரேமில் சுமார் 40 சதவீதம் பிடிக்கும், அதாவது 16 ஜிபி ரேமுக்கு ஆறு ஜிபிக்கு மேல். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களின் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பகுதியில் டி-யைக் காட்டிவிட்டால் அவை அப்படியே அங்கே குடிபெயரும். பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் தன் கூறுகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிக்காதீர்கள். அதில் தெரியும் அளவில் பெரும்பங்கு, வேறு இடத்திலும் அதே கோப்பு எண்ணப்படுவதால் வரும் தோற்றம். கையால் அழித்தால் விண்டோஸ் உடையும்.

விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்துள்ள கணினிகளில் தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல இயந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸின் பார்ட்டிஷனை விண்டோஸால் படிக்க முடியாது. எனவே அது பெயரும் எழுத்தும் இல்லாத பெட்டியாகத் தெரியும், வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து நீக்கத் தோன்றும். நீக்கினால் இடம் கிடைக்கும்தான், ஆனால் அடுத்த முறை கணினியை இயக்கும்போது கருப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். எம்பிஆர் கணினிகளில், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் நிரலின் முதல் துண்டு டிஸ்கின் முதல் செக்டரில் இருக்கிறது. மீதி நீக்கிய அந்த லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்தது. விண்டோஸுக்கும் அதன் கோப்புகளுக்கும் எந்தச் சேதமும் இல்லை. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து தொடங்கி, பழுதுபார்க்கும் பகுதியில் எம்பிஆரைச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் திரும்ப வரும். இதற்காக ஃபார்மேட் செய்ய வேண்டியதே இல்லை.

4 டிபி டிஸ்க் வாங்கி மாட்டியதும் 2 டிபி மட்டும் பயன்பட்டு மீதி அன்அலகேட்டட் ஆகவே நிற்கிறது என்றால், டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது என்று பொருள். அதன் பதிவில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் உண்டு. 512 பைட் செக்டரில் அது 2 டிபிக்கு மேல் எண்ணாது. தரவு மட்டும் வைக்கும் டிஸ்க் காலியாக இருந்தால் ஜிபிடி ஆக மாற்றுவது ஒரு கிளிக் வேலை. விண்டோஸ் உள்ள டிஸ்க் என்றால் விண்டோஸ் 10-உடன் 2017-இல் வந்த எம்பிஆர்2ஜிபிடி கருவி தரவை அழிக்காமல் மாற்றும். மாற்றியபின், கணினி தொடங்கும் முறையைத் தீர்மானிக்கும் பயாஸ் அமைப்பிலும் யுஇஎஃப்ஐ என்று மாற்ற வேண்டும், அதை மறந்தால் கணினி தொடங்காது.

மற்ற இயங்குதளங்கள் இந்த நிலையான எல்லைகளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டன. ஆப்பிள் 2017-இல் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் முறையில் ஒரே கன்டெய்னருக்குள் பல வால்யூம்கள் இருக்கும், காலி இடம் எல்லாவற்றுக்கும் பொது. யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வார். லினக்ஸில் எல்விஎம் என்ற ஏற்பாடு ஒட்டாத துண்டுகளையும் சேர்த்து ஒரே வால்யூமாக நீட்டும், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின் சப்வால்யூம்களும் இடத்தைப் பகிர்கின்றன. விண்டோஸின் சி டிரைவுக்கு மட்டும் இன்றும் நிலையான தொடக்கமும் நிலையான நீளமும்தான்.

அதனால் ஒரே எஸ்எஸ்டி உள்ள புதிய மடிக்கணினி வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: பிரிக்காதீர்கள். முழுவதும் சி ஆகவே இருக்கட்டும், படங்களுக்கு ஒரு ஃபோல்டர் போதும், பிரித்துத் தருவதற்குக் கடையில் கொடுக்கும் பணத்தை வெளி டிஸ்க் வாங்கப் போடுங்கள். இரண்டு இயங்குதளம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் பிரிப்பு உண்மையாகவே தேவை. பிரித்தே ஆக வேண்டும் என்றால் சி-க்கு 200 ஜிபிக்குக் குறையாமல் கொடுங்கள். எஸ்எஸ்டியில் பத்து சதவீதத்தை அன்அலகேட்டட் ஆக விட்டுவைத்தால் ஆயுள் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. ட்ரிம் இயங்கும்வரை சி-க்குள் அதே அளவு ஃப்ரீயாக இருந்தாலும் கன்ட்ரோலருக்கு அதே பயன்தான் கிடைக்கிறது. வேண்டும்போது நாமும் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.